வெள்ளைப் பூச்சு, ஆறு கட்டை, கோலாலம்பூர் மழை

வியாழன், அக்டோபர் 9: பிரிக்பீல்ட்ஸ், உடை ஒத்திகை

பட்டர்வொர்த் ரயில் கே.எல். சென்ட்ரலில் இறக்கிவிட்டபோது வெயில் சுள்ளென்று அடித்தது. அறையில் பையை வைத்துவிட்டுத் துன் சம்பந்தன் சாலைக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தீபாவளி நெருங்கிவிட்டதால் நடைபாதை முழுக்கக் கூடாரக் கடைகள். கூடாரத் துணியில் தேங்கும் தண்ணீரைக் கடைக்காரர்கள் கம்பால் குத்தி வழியவிட, அது நேராக நடப்பவர் தலையில் இறங்குகிறது. "அண்ணே, நனையாதீங்க, இப்படி ஓரமா வாங்க" என்று முறுக்குக் கடைப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டார். வாங்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. வாங்காமல் எழுந்து போக யாருக்கும் மனம் வராது. அச்சு முறுக்கு, போத்தல் 18 வெள்ளி (ரிங்கிட்).

வந்த வேலை 'பாலியாச்சி' என்ற ஓப்பரா, அதாவது இத்தாலியப் பாட்டு நாடகம். லியோன்காவாலோ எழுதி இசையமைத்தது. 1892 மே 21 அன்று மிலானில், வாத்திய நடத்துநர் தொஸ்கானினி நடத்த அரங்கேறியது. எழுபத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் சின்னப் படைப்பு, ஆனால் நாயகனைப் பிழிந்து எடுத்துவிடும். இத்தாலியின் தெற்கே கலாப்ரியாவில் ஒரு கிராமம், ஆகஸ்ட் 15 மாதா திருநாள், ஊர் ஊராகப் போகும் கூத்துக் குழு. அதன் தலைவன் கானியோ. மனைவி நெத்தா உள்ளூர்க்காரன் ஒருவனோடு போய்விடப் போகிறாள் என்று சாயங்காலம் தெரிந்துவிடுகிறது. ராத்திரி ஆட்டம் இருக்கிறது, ஊரே காசு கொடுத்துக் காத்திருக்கிறது. மேடையில் அவனுக்கு வேடமும் அதுவே: பெண்டாட்டியிடம் ஏமாறும் கோமாளி.

அரங்கு ஒரு பழைய பள்ளி மண்டபம். முந்நூறு இருக்கை, வாத்தியக்காரர்கள் இருபத்திரண்டு பேர். பாடகர் குழுவில் இருக்கும் நண்பர் தயவில் ஒத்திகைக்கு உள்ளே விட்டார்கள். பின் வரிசையில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். கானியோவாக நடிக்கும் தெனர், அதாவது மேல் ஸ்தாயி ஆண் பாடகர், கொரியாக்காரர். மேல் ஸ்தாயி எதையும் அவர் முழுக்குரலில் பாடவில்லை. சில வரிகளை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினார், சில வரிகளை உதட்டோடு நிறுத்திக்கொண்டார். "இதுக்கா இவ்வளவு விளம்பரம்?" என்றான் ஒருவன்.

தொழில் தெரிந்தவர்கள் இப்படித்தான் செய்வார்கள். உடை ஒத்திகை என்பது விளக்கு, நடமாட்டம், வாத்தியத்தோடு சேரும் நேரம் ஆகியவற்றைச் சரிபார்க்க. உச்ச ஸ்வரத்தில் குரல்நாண்கள் வினாடிக்கு 440 தடவை மோதுகின்றன. சனிக்கிழமைக்கு வைத்திருக்க வேண்டியதை வியாழக்கிழமையே செலவழிப்பவர்கள் புதியவர்கள்.

அவர் முழுக்குரல் கொடுத்தது ஒரே இடத்தில், அதுவும் கழுத்துப் பட்டைக்காக. கோமாளி உடைக்கு மடிப்பு மடிப்பாக வெள்ளைக் கழுத்துப் பட்டை உண்டு. தொண்டைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்தார், எச்சில் விழுங்கினார், நாலு சீர் பாடினார், தலையை ஆட்டினார். தையல்கார அக்கா வாயில் ஊசியைக் கவ்வியபடி அங்கேயே ஒரு தையலைப் பிரித்து, கொக்கியை அரை அங்குலம் தள்ளி வைத்தார். மறுபடி விழுங்கல், மறுபடி நாலு சீர். இப்போது சரி. மேலே போகப் போகக் குரல்வளை இறங்கி நிற்க இடம் வேண்டும். பட்டை பிடித்தால் அது எழும்பும், எழும்பினால் ஒலி ஒடுங்கும். பார்ப்பவருக்கு நடிப்புக் குறை போலத் தெரிவது சில சமயம் தையல் குறைதான்.

அடுத்தது வெள்ளைப் பூச்சு. முகத்துக்கு மாவு பூசிக்கொள் என்று கானியோவின் பாட்டிலேயே வருகிறது. அதற்காக மாவையோ பவுடரையோ மேடையில் தட்டினால் தொலைந்தது: அடுத்த மூச்சில் அது உள்ளே போகும், இருமல் வரும். இங்கே செய்த ஏற்பாடு நன்றாக இருந்தது. எண்ணெய்ப் பசையுள்ள வெள்ளையை மேடைக்கு வருமுன்பே மெல்லிசாக நெற்றியிலும் தாடையிலும் தடவி, பவுடரை அழுத்தி, மிச்சத்தைத் துடைத்துவிடுகிறார்கள். மேடையில் பாடிக்கொண்டே அவர் செய்வது ஈரப் பஞ்சால் கன்னத்தில் இரண்டு இழுப்பு மட்டும். தண்ணீரில் கரைக்கும் பூச்சாக இருந்தால் விளக்குச் சூட்டில் வியர்வையோடு வழிந்துவிடும். கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை வெறுமையாக விடுகிறார்கள். வியர்வை பூச்சைக் கண்ணுக்குள் கொண்டுபோகாமல் இருக்க அந்த இடைவெளி.

கத்தியும் பார்த்தோம். அலுமினியம், முனை உருட்டியது. உள்ளே மடங்கும் கத்தியை வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். சுருள்வில் சிக்கிக்கொண்டால் மடங்காது, குத்திவிடும்.

வெள்ளி, அக்டோபர் 10: ஓய்வு நாள்

காலையில் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) பசியாறல். ரொட்டி சானாய் இரண்டு, தே தாரேக் ஒன்று, எல்லாம் சேர்த்து 6 வெள்ளி 20 காசு. பக்கத்து மேசையில் தெனரோடு வந்த பியானோக்காரர் கெட்டியான சாம்பாலை (மிளகாய் விழுது) ரசித்துத் தின்றுகொண்டிருந்தார். தெனர் கீழே இறங்கவே இல்லை. அறைக்குக் கஞ்சியும் அவித்த முட்டையும் தப்பாவ் (பொட்டலமாக) போயின. காரமும் புளிப்பும் ராத்திரி நேரத்தில் உணவுக்குழாய் வழியே மேலேறினால் குரல்நாண் வீங்கும், அதனால் பயணத்தில் கறியும் சாம்பாலும் கடைசி ஆட்டத்துக்குப் பிறகுதான். பேச்சும் இல்லை, எல்லாம் கைப்பேசியில் தட்டெழுத்து. கிசுகிசுப்பதும் கூடாது, கிசுகிசுப்பு குரலுக்கு ஓய்வு ஆகாது. வெளியே முப்பத்து மூன்று டிகிரி ஈரக்காற்று, உள்ளே ஏர்கான் இருபது டிகிரி உலர்காற்று. இந்த ஊரில் பாடகர்களைப் படுத்துவது வெயிலைவிட இந்த ஏற்ற இறக்கம்தான். அறையில் ஏர்கானை நிறுத்திவிட்டு ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டாராம்.

மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு. கோழிப் பிரட்டலோடு 17 வெள்ளி. பரிமாறியவர் ரசத்தைக் கையில் ஊற்றட்டுமா, டம்ளரில் தரட்டுமா என்று கேட்டு ஊற்றினார். அந்த ஒரு கேள்விக்காகவே மறுபடி போகலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு இரட்டைக் கோபுரத்துக்குக் கீழே உள்ள டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் பக்கம் ஒரு நடை. 1998-இல் திறந்த அரங்கு, ஆர்கெஸ்ட்ராவுக்கென்றே கட்டியது. நம் பள்ளி மண்டபத்தில் அந்த ஒலி கிடைக்காது, ஆனால் சின்ன இடத்தில் முகம் தெரியும். கானியோவுக்கு முகம் தெரிவது முக்கியம் என்பது என் கட்சி.

இனி நம் கச்சேரிச் சுருதிக் கணக்கில், அதாவது கட்டையில், சொன்னால்தான் இந்த வேடத்தின் சுமை புரியும். "வெஸ்தி லா ஜூப்பா" (உடையை மாட்டிக்கொள்) என்ற கானியோவின் புகழ்பெற்ற பாட்டின் உச்சம் ஆறு கட்டை ஸ்வரம். ஒரு கட்டையில் பாடும் நம் வித்வானுக்கு அது மேல் ஸ்தாயி தைவதம். நம் கச்சேரியில் மேல் பஞ்சமத்தைத் தொட்டாலே சபை நிமிர்ந்து உட்காரும். இவர் அதற்கும் மேலே, மைக் இல்லாமல், வாத்தியக் கூட்டத்தைத் தாண்டி, மூன்றரை நிமிடப் பாட்டின் முடிவில் போக வேண்டும். இரண்டாம் அங்கத்தில் "நான் இனிக் கோமாளி இல்லை" என்று வெடிக்கும் இடம் இன்னும் கொடுமை, ஆறரைக் கட்டை. ஜனங்கள் முதல் பாட்டுக்குத்தான் வருகிறார்கள். பாடுபவர் பயப்படுவது இரண்டாவதற்கு.

வாத்தியக் கூட்டத்தைத் தாண்டுவது கத்தலால் அல்ல. ஆர்கெஸ்ட்ராவின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில். மேலே போகப்போக இளைக்கும். பயிற்சி பெற்ற தெனர் குரலில் 3000 ஹெர்ட்ஸ் அருகே தனியாக ஒரு மினுக்கம் இருக்கும். குரல்நாணுக்கு நேர் மேலே உள்ள குழாய் குறுகி, தொண்டை அகன்று, குரல்வளை இறங்கி நின்றால்தான் அது பிறக்கும். இப்போது நிஜமாக அழுது பாருங்கள். குரல்வளை மேலே ஏறும், தொண்டை நெரியும், மூக்கு அடைக்கும், மூச்சு துண்டு துண்டாக வரும். அந்த மினுக்கத்துக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் அழுகை எடுத்துவிடுகிறது. ஆக, உலகத்திலேயே அதிகம் அழுகிற பாட்டைப் பாடுபவர் அழக் கூடாது.

அப்படியென்றால் விம்மல் எங்கிருந்து வருகிறது? மூச்சை உள்ளே இழுக்கும்போது. வரி முடிந்து அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கும் அந்த இடைவெளியில் விம்மலை வைப்பார்கள், ஒலி வெளியே வரும்போது வைக்க மாட்டார்கள். பாட்டு முடிந்ததும் வாத்தியங்கள் மட்டும் தொடரும் பகுதி ஒன்று இருக்கிறது. மனம்போல விம்ம அதுதான் இடம். இத்தாலியத் தெனர் காருசோ இந்தப் பாட்டை 1902, 1904, 1907 என மூன்று முறை தட்டில் பதிந்தார். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவருடைய விம்மலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், மூச்சை எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் மழை. வாடகைக்கார் மூன்று முறை வருவதாகச் சொல்லி மூன்று முறையும் ரத்தானது. தெரு ஓரத்தில் கணுக்கால் ஆழம் தண்ணீர். குடை 12 வெள்ளி, முதல் காற்றிலேயே மடங்கியது.

சனி, அக்டோபர் 11: முதல் ஆட்டம்

எட்டரை மணி ஆட்டம். டிக்கெட் 80 வெள்ளி. மேலே ஓடும் எழுத்துகள் மலாயிலும் ஆங்கிலத்திலும். பக்கத்து இருக்கையில் கிள்ளானில் இருந்து வந்த வயதான தம்பதி, பேத்தி பாடகர் குழுவில் இருக்கிறாளாம். அம்மா கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் படித்து ஐயா காதில் சொல்லிக்கொண்டே வந்தார்: "பொண்டாட்டி இன்னொருத்தன்கூடப் போகப்போறா. ஆனா இவன் இன்னிக்கு வேசம் கட்டியே ஆகணும், ஊரு காசு குடுத்துருச்சு." இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

முதல் அங்கத்தில் ஒரு இடம் உண்டு. உன் மனைவியை யாரோ சுற்றுகிறார்கள் என்று ஊரார் கேலி பேச, மேடையும் வாழ்க்கையும் ஒன்றல்ல என்று கானியோ சிரித்தபடி எச்சரிப்பான். பலர் இதை அவசரமாகக் கடந்துவிடுவார்கள். இவர் சிரிப்பை வாயில் மட்டும் வைத்துக்கொண்டார். சொல்லும்போது கை, குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டிய தம்பட்டத்தின் மேல் இருந்தது, விரல் தாளம் போடுவதை நிறுத்திவிட்டது. பெரிய பாட்டுக்கான விதை அங்கே விழுந்துவிட்டது.

பிறகு அந்தப் பாட்டு. பாட்டுக்கு முன்னால் ஒரு கசப்பான சிரிப்பு வரும். "நீ மனிதனா என்ன? கோமாளி!" என்று தன்னைத்தானே சிரிப்பது. தொண்டையை இறுக்கிச் சிரித்தால் பாட்டு தொடங்கும்போதே மூச்சு காலி. இவர் மேலிருந்து கீழாக நாலு படி, ஒவ்வொன்றும் வெறும் காற்று. அப்புறம் முக்காலியில் உட்கார்ந்தார், கால்களை அகட்டி, முதுகை வளைக்காமல். கைக்கண்ணாடி, ஈரப் பஞ்சு. இடது கன்னத்தில் ஒரு இழுப்பு. வலது கன்னத்துக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது, அப்படியே பாடினார். உச்சிக்கு ஒரு வரி முன்னால் வண்டிச் சக்கரத்தைப் பிடித்து எழுந்தார். நடிப்பு என்று பார்த்தால் தாங்க முடியாமல் எழுவது, தொழில் என்று பார்த்தால் விலா எலும்பு விரிய இடம் கொடுப்பது. இரண்டும் ஒரே அசைவில். உச்ச ஸ்வரம் கூரையில் பட்டு இறங்கியது, சுத்தமாக. வலது கன்னம் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது.

வாத்தியம் தொடர்ந்தபோதுதான் தோள் குலுங்கியது, முதுகைக் காட்டியபடி. பக்கத்து அம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டார். ஐயா மெதுவாகச் சொன்னார்: "எங்க தோட்டத்துல மாரியம்மன் திருவிழாவுக்கு அரிச்சந்திரா போடுவாங்க தம்பி. மயான காண்டத்துல சந்திரமதி புள்ளையத் தூக்கிட்டு வருவா, இவன் வெட்டியானா நின்னு வாய்க்கரிசி கேப்பான். அந்த வேசம் கட்டுறவரு ஒரு சொட்டு அழமாட்டாரு. நாங்கதான் அழுவோம்." தொழில் ரகசியத்தை டிக்கெட் இல்லாமலே கற்றவர்.

இந்த ஒற்றுமை தற்செயல் என்றும் சொல்லிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்சி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்க் காட்டிய பாட்டு நாடகம், தமிழ்நாட்டு மேடையையும் தொட்டது, எங்கள் பினாங்கில் பங்சாவான் என்ற மலாய்ப் பாட்டு நாடகமாகவும் முளைத்தது. பங்சாவான் குழுக்கள் அந்தக் காலத்தில் தங்களை ஓப்பரா என்றே விளம்பரப்படுத்திக்கொண்டன.

கடைசியில் கொலை. நெத்தாவைக் குத்தும்போது கை பார்வையாளருக்கு மறுபக்கம் இறங்கியது. காப்பாற்ற ஓடிவரும் காதலன் சில்வியோவுக்கு இரண்டாவது குத்து. கத்தி கையில் இருந்து நழுவ, "நாடகம் முடிந்தது" என்று கானியோ பாடாமல், பேசினார். இசைப்பிரதியில் அந்த வரி முதலில் தோனியோவுக்கு, அதாவது இதையெல்லாம் மூட்டிவிட்ட கூனனுக்கு. தெனர்கள் அதைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டது பிறகு வந்த பழக்கம்.

வெளியே மழை விட்டிருந்தது. நாசி லெமாக், அவித்த முட்டையோடு 5 வெள்ளி.

ஞாயிறு, அக்டோபர் 12: பிற்பகல் ஆட்டம்

மூன்று மணிக்கு இரண்டாவது ஆட்டம். இதுதான் தவறு. இந்த மாதிரி வேடத்துக்கு நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி கொடுப்பது வழக்கம். இல்லாவிட்டால் இரண்டு தெனர் வைப்பார்கள். ராத்திரி பத்துக்கு முடித்தவரை மறுநாள் மூன்றுக்கு நிறுத்தியது மண்டப வாடகைக் கணக்கு.

குரல் வீங்கியிருப்பது முதல் வரியிலேயே தெரிந்தது. நடுக்குரலில் புகை. குரல் குறைந்தால் பாடகர் உணர்ச்சியால் ஈடுகட்டப் பார்ப்பார். அவரும் அதைத்தான் செய்தார். அந்தப் பாட்டில் நிஜமாகவே அழுதார். கண்ணீர் அந்த ஒரு விரற்கடை இடைவெளியைத் தாண்டிப் பூச்சைக் கலைத்தது, பூச்சு கண்ணுக்குள் போனது, மூக்கு அடைத்தது. உச்ச ஸ்வரம் வந்தது, ஆனால் மினுக்கம் இல்லை. பித்தளை வாத்தியங்கள் அதை விழுங்கிவிட்டன. இரண்டாம் அங்கத்தில் ஆறரைக் கட்டை அரை நொடி கிழிந்தது. கிழிந்ததை அவர் ஒரு கத்தலாக மாற்றிக்கொண்டார். சாமர்த்தியம்தான்.

கடைசி வரிக்கு வாயைத் திறந்தார், ஒலி வரவில்லை. இரண்டு தாள அளவு மௌனம். தோனியோவாக நடித்தவர் இருட்டில் இருந்து முன்னால் வந்து, கூட்டத்தைப் பார்த்து அந்த வரியைச் சொன்னார். ஏற்பாடு இல்லை, கீழே வாத்திய நடத்துநரின் முகமே சொன்னது. ஆனால் லியோன்காவாலோ எழுதியபடி அந்த வரி அன்றுதான் உரிய வாயில் இருந்து வந்தது. தூண்டிவிட்டவன் கணக்கை முடிக்கும்போது உடம்பு சில்லிட்டது. அன்றைய ஆட்டத்தில் அதுவே உச்சம்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, சனிக்கிழமையைவிடப் பலமாக. ராத்திரி மாமாக் கடையில் நண்பரோடு இதே வாக்குவாதம். இன்றைக்குத்தான் உண்மையான கானியோவைப் பார்த்தோம் என்றார் அவர். இன்றைக்குப் பார்த்தது துன்பப்படுகிற ஒரு பாடகரை, கானியோவை நேற்றே பார்த்துவிட்டோம் என்றேன். அப்படியானால் ஜனங்கள் எழுந்து நின்றது எதற்கு என்றார். கீழே விழப்போகிறவர் விழாமல் கரை சேர்ந்தால் யாரும் கைதட்டுவார்கள். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. மீ கோரேங் இரண்டு, தே ஓ லீமாவ் இரண்டு, 21 வெள்ளி; காசு அவர் கொடுத்தார், அதுவும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று சொல்லிவிட்டு.

தெனருக்கு மருத்துவர் ஒரு வாரம் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். முகத்தைத் தேங்காய் எண்ணெயில் துடைத்துவிட்டு, பியானோக்காரர் இரண்டு நாளாக மெச்சிக்கொண்டிருந்த சாம்பாலைச் சைகையால் கேட்டு வாங்கி ஒரு தட்டு சாப்பிட்டாராம். அடுத்த முறை போட்டால் புதன், சனி என்று பிரிக்கப் போகிறார்கள். வாடகை கூடும், டிக்கெட் 80 வெள்ளியில் நிற்காது. போகிறவர்கள் இடது பக்க இருக்கையாகப் பார்த்து வாங்குங்கள். முக்காலி அந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறது.